இன்னொருக்கா எண்ணுங்கோ

பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் அந்தப் பெண்மணிக்கு 'ரெகோம்ப்தே' என்று பட்டப்பெயர். பிரெஞ்சில் 'மறுபடி எண்ணுங்கள்' என்று அர்த்தம். ரூ பெர்தொனே தெருமுனையில் அவர் தலை தெரிந்ததும் கடைக்காரர்கள் ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிக்கொள்வார்கள். முருங்கைக்காய்க் கட்டில் ஐந்து என்று எழுதியிருந்தால், கட்டை அவிழ்த்து எண்ணிப் பார்ப்பார். நான்கு இருந்தால் கடையே அதிரும். ஆறு இருந்தால் ஒன்றை உருவிக் கடைக்காரர் கையில் கொடுத்து, "உங்கடை பிழை, பிடியுங்கோ" என்பார். நான்கு இருந்தபோது வந்ததைவிட ஆறு இருந்தபோதுதான் அவர்களுக்கு அதிக எரிச்சல் வந்தது என்று நினைக்கிறேன்.

ஒரு தேர்த்திருவிழா அன்று, தேர் நகர்ந்து போன பிறகு தெருவெல்லாம் தேங்காய்ச் சில்லாகக் கிடந்தது. வெள்ளை வேட்டியில் நின்றிருந்த ஒரு பெரிய மனிதர், "இந்த முறை ஒரு லட்சம் சனம்" என்றார். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். இவர் மட்டும், "ஆர் அண்ணை எண்ணினது?" என்று கேட்டார். கேலி இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அந்தப் பெரிய மனிதர் அதற்குப் பிறகு இவரைக் கண்டால் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறிவிடுவார்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால், "அண்ணை, நான் அப்பிடிச் சொல்லேல்லை, திருப்பிப் பாருங்கோ" என்று வாசலில் வந்து நிற்பார். எனக்கு அந்தத் தொல்லை வேண்டாம்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரன். வேளாண்மை படித்துவிட்டுப் பாரிஸுக்கு வந்து, நகரத்துக்கு வடக்கே ஆற்றங்கரையில் இருந்த ஒரு தானியச் சோதனைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சுற்றுப்புறத்து விவசாயிகளின் பார்லி எங்களிடம் சின்னச் சின்னப் பைகளில் சாம்பிளாக வரும். ஈரம் பார்ப்போம், சல்லடையில் போட்டு மணியின் பருமன் பார்ப்போம், கடைசியாக முளைப்பு பார்ப்போம். ஈரத் தாளில் நூறு மணிகளை அடுக்கி வைத்து, ஐந்தாம் நாள் எத்தனை முளைத்திருக்கிறது என்று எண்ண வேண்டும். தொண்ணூற்றைந்துக்குக் குறையாமல் முளைத்தால் அது பியர் காய்ச்சப் போகும். குறைந்தால் மாட்டுத் தீவனம். பியருக்குப் போனால்தான் விவசாயிக்கு அந்த வருஷம் நிமிர்ந்து நிற்க முடியும்.

அந்த நூறு மணிகளை எண்ணுகிற வேலை அவருக்கு. ஜூனிலிருந்து நவம்பர் வரை மட்டும்தான் வேலை. மற்ற மாதங்களில் லா சப்பலில் ஏதாவதொரு சமையலறையில், சம்பளச் சீட்டு தராத இடங்களில், வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். இருப்பு ஸ்தேன் என்கிற புறநகரில், ஒற்றை அறை. இலங்கையில் போர் முடிந்த 2009க்கு அடுத்த வருஷம் வந்தவர். அகதி மனு தள்ளுபடியாகி, பல வருஷம் இழுபட்டு, ஒருவழியாக வதிவிட அட்டை கிடைத்திருந்தது. ஐந்து வயதில் விட்டுவிட்டு வந்த மகள் யாழ்ப்பாணத்தில் மச்சாளோடு இருந்தாள். மகளைக் கூப்பிட வேண்டுமென்றால் தொடர்ச்சியாகப் பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டுகள் காட்ட வேண்டும். மகளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டால் கதவு சாத்திவிடும். நான் சொல்லப்போகிற வருஷத்தில் அவளுக்குப் பதினைந்து முடிந்திருந்தது.

எனக்கு அவரைப் பிடிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் பட்டம் வாங்கியவன், பதிவேடு என் பொறுப்பில், அவருக்கு நான் மேலே. அப்படியிருந்தும் நான் எழுதுகிற எதையும் அவர் எட்டிப் பார்ப்பார்.

அறுவடைக் காலத்தில் வியாழக்கிழமைதோறும் நான் ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். எந்தப் பகுதியில் எவ்வளவு பார்லி வெட்டியாயிற்று, மணி எப்படி இருக்கிறது என்று. மூன்று பேருக்குத் தொலைபேசியில் பேசி, கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுதிவிடுவேன். ஊரில் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று ஒரு தைரியம். அந்த வருஷம் பேய்மழை. ஆகஸ்டில் முடிய வேண்டிய அறுவடை செப்டம்பருக்குள் இழுத்துக்கொண்டு போனது. "பிரீ சமவெளியில் எண்பது விழுக்காடு முடிந்தது" என்று நான் தட்டிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"நீங்கள் வயலைப் பாத்தனீங்களோ அண்ணை?"

"போன்ல கேட்டேங்க. அவங்க பார்த்திருப்பாங்க."

"அவையள் பாத்தவையோ?"

எனக்குக் கோபம் வந்தது. உங்கள் வேலையைப் பாருங்கள் என்றேன். அடுத்த வியாழக்கிழமை அவர் என் மேசையில் ஒரு துண்டுத்தாளை வைத்தார். விடுமுறை நாளில் காலையில் ரயிலேறி, அந்தச் சமவெளியின் கடைசி ஸ்டேஷன் வரை போய்த் திரும்பியிருக்கிறார். போகும்போது பாதையின் ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம்.

"பாதை ஓரத்திலை இருபது பார்லி வயல். ஒன்பதுதான் வெட்டியிருக்கு. மிச்சத்திலை கதிர் படுத்துப்போய்க் கிடக்கு. எண்பது எண்டு எழுதாதேங்கோ."

"பாதை ஓரத்துல இருக்கிறது மட்டும்தான் சமவெளியா?"

"இல்லைத்தான். ஆனா நான் இருபதைப் பாத்தன். நீங்கள் ஒண்டையும் பாக்கேல்லை."

பார்லிக் கதிரையும் கோதுமைக் கதிரையும் ஓடுகிற ரயிலிலிருந்து பிரித்துப் பார்க்க அவர் எப்போது கற்றுக்கொண்டார் என்று தெரியவில்லை. போன வாரம் அனுப்பிய எண்பதை அறுபதாகத் திருத்தி அனுப்பினேன். அதற்கும் அவர் திருப்திப்படவில்லை.

அவர் தவறே செய்யாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. வந்த முதல் வருஷத்தில் பெரிய தவறு ஒன்று செய்தார். ஜூலையில் வெட்டிய கையோடு வந்த ஒரு பார்லியைச் சோதித்து, அறுபத்தொன்றுதான் முளைத்தது என்று எழுதிக் கொடுத்தார். எண்ணிக்கை சரி. ஆனால் புதிதாக வெட்டிய பார்லி சில வாரம் தூங்கும். உயிர் இருக்கும், முளைக்காது. அதைத் தூங்கவிட்டு மறுபடி சோதிக்க வேண்டும். அதை அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியவன் நான். சொல்லவில்லை, மறந்துவிட்டேன். ஒரு வயதான விவசாயியின் வருஷத்து விளைச்சல் முழுவதும் மாட்டுத் தீவனமாகப் போனது.

அக்டோபரில், யாரும் கேட்காமலே, எடுத்து வைத்திருந்த அதே சாம்பிளை அவர் மறுபடி முளைக்கப் போட்டார். தொண்ணூற்றேழு. அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு நேராகப் பத்ரோனிடம் போனார். பத்ரோன் என்றால் எங்கள் முதலாளி, பார்லியை வாங்கி விற்கிறவரும் அவர்தான்.

"தூங்கினதைச் செத்தது எண்டு எழுதிப்போட்டன்" என்று எனக்குத் தமிழிலும் அவருக்கு உடைந்த பிரெஞ்சிலும் சொன்னார். முடிந்துபோன விஷயம், வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்றார் பத்ரோன். இவர் அந்த விவசாயியின் எண்ணைப் பதிவேட்டில் தேடி எடுத்து, மதிய இடைவேளையில் தொலைபேசியில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். மறுமுனையில் அந்த மனிதர் திட்டியது என் மேசை வரை கேட்டது. இவர் "வுய் மொசியூ, வுய் மொசியூ" என்று 'ஆமாம் ஐயா' போட்டபடி கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றார். என் பெயரை எங்கேயும் சொல்லவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது என்பதை இப்போது வெட்கத்தோடு எழுதுகிறேன்.

மறுபடி மழை வருஷத்துக்கு வருகிறேன். அக்டோபர் தொடக்கத்தில் அதே கிழவரின் பார்லி வந்தது. பத்ரோன் அதை முன்கூட்டியே பியர்க்காரர்களுக்குப் பேசி முடித்துவிட்டிருந்தார். ஐந்தாம் நாள் இவர் எண்ணினார். எண்பத்தெட்டு.

"தூங்குகிறது" என்றார் பத்ரோன்.

இவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முளைக்காத பன்னிரண்டு மணிகளையும் ஒவ்வொன்றாக நெடுக்கே பிளந்தார். அவற்றை ஒரு மருந்தில் ஊறவைத்தால், உயிருள்ள கரு சிவக்கும், செத்தது வெள்ளையாகவே கிடக்கும். சில மணி நேரம் கழித்துத் தட்டைக் கொண்டு வந்து காட்டினார். பன்னிரண்டில் ஒன்றுகூடச் சிவக்கவில்லை. ஈரத்தோடு வெட்டிய பார்லியைக் கிழவர் அவசரத்தில் அதிகச் சூட்டில் உலர்த்தியிருக்கிறார். கரு வெந்துபோயிருந்தது.

பத்ரோன் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கும் அந்த வருஷம் மூச்சு முட்டியது. அவர் இவரை உட்காரச் சொல்லிப் பொறுமையாகத்தான் பேசினார். "ஒருமுறை இந்த மனிதருக்கு நீ அநியாயம் செய்தாய். அதை நேர்செய்ய உனக்கு ஒரு சந்தர்ப்பம். தொண்ணூற்றாறு என்று எழுது. வெள்ளிக்கிழமை உன் நிரந்தர வேலைக் காகிதத்தில் கையெழுத்துப் போடலாம், டிசம்பரிலிருந்து வருஷம் முழுக்க வேலை." காகிதம் தயாராக மேசையில் இருந்தது. நானும் பார்த்தேன். அதில் இவருடைய பெயர் அச்சாகியிருந்தது.

"அண்டைக்கு நான் பிழையா எழுதினன்" என்று இவர் என்னைப் பார்த்துச் சொன்னார். "அதுக்காண்டி இண்டைக்கு இன்னொரு பிழை எழுதேலாது எண்டு அவருக்குச் சொல்லுங்கோ, அண்ணை. என்ரை பிரெஞ்சு வடிவா விளங்காமல் போகும்."

மொழிபெயர்த்தேன். பத்ரோன் தோளைக் குலுக்கிவிட்டு, இவர் வெளியே போன பிறகு என்னிடம் திரும்பினார். கணினியில் பதிகிறவன் நீதானே என்றார்.

நான் தொண்ணூற்றாறு என்று பதிந்தேன்.

அவருக்கும் நல்லது, கிழவருக்கும் நல்லது, எட்டு மணி கூடக்குறைய இருந்தால் பியரின் ருசி கெட்டுவிடாது என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவருடைய மகளுக்காகத்தான் செய்தேன் என்றுகூட நினைத்துக்கொண்டேன். எனக்கு வேலை போய்விடும் என்ற பயம் மட்டும் நினைவுக்கு வரவில்லை, பாருங்கள்.

மறுநாள் காலை அவர் என் விசைப்பலகையின் மேலேயே அந்த முளைப்புத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். ஈரத்தாள், முளைவிட்ட மணிகள், பிளந்த பன்னிரண்டும் ஓரத்தில் வரிசையாக.

"அண்ணை, இன்னொருக்கா எண்ணுங்கோ."

"நீங்கதான் எண்ணிட்டீங்களே. விடுங்களேன்."

"நான் எண்ணினதை நீங்கள் மாத்திப்போட்டியள். அப்ப நீங்கள் எண்ணியிருப்பியள்தானே? எனக்கு முன்னாலை எண்ணுங்கோ."

"உங்க பொண்ணு நினைப்பு இருக்கா இல்லையா உங்களுக்கு?" குரலை உயர்த்திவிட்டேன். "நாளன்னிக்கு கையெழுத்து. எட்டே எட்டு மணிக்காக அதை விடப்போறீங்களா?"

அவர் கத்தவில்லை. இடுக்கியை எடுத்து என் கையில் திணித்தார்.

"முகாமிலை விடியவிடிய எங்களை வரிசையிலை விட்டு எண்ணினவை. என்ரை மனுசன் உயிரோடை இருக்கிற ஆக்களின்ரை பட்டியலிலையும் இல்லை, செத்த ஆக்களின்ரை பட்டியலிலையும் இல்லை. இன்னொருக்கா எண்ணுங்கோ எண்டு கேட்டன். வாயை மூடு எண்டாங்கள். துவக்கோடை நிண்டவனுக்கு முன்னாலையே நான் மூடேல்லை. இஞ்சை வந்து ஒரு காகிதத்துக்காண்டி மூடுவனோ? எண்ணுங்கோ."

எண்ணினேன். ஒவ்வொரு மணியாக இடுக்கியால் ஒதுக்கி ஒதுக்கி எண்ணினேன். எண்பத்தெட்டில் நின்றது. அவர் தட்டை எடுத்துக்கொண்டு, கணினியைக் கையால் காட்டினார். நான் தொண்ணூற்றாறை அழித்து எண்பத்தெட்டு என்று பதிந்தேன். அவர் போகும்வரை தலையை நிமிர்த்தவில்லை.

வெள்ளிக்கிழமை அந்தக் காகிதம் பத்ரோனின் மேசையில் இல்லை. நவம்பர் கடைசியில் அவருடைய வேலை முடிந்தது. அடுத்த ஜூனுக்கு வரச் சொல்லி அழைப்பும் இல்லை. என் நாற்காலிக்கு ஒன்றும் ஆகவில்லை.

போவதற்கு முன்னால் அவர் இன்னொன்றும் செய்தார். கிழவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, மிச்சப் பார்லியை அவ்வளவு சூட்டில் உலர்த்த வேண்டாம், கரு செத்துப்போகும் என்று சொன்னார். கிழவர் இந்த முறையும் திட்டிவிட்டுத்தான் வைத்தார். மூன்று வாரம் கழித்து அவருடைய அடுத்த சாம்பிள் வந்தது. இவர்தான் எண்ணினார். தொண்ணூற்றாறு. ஒரு தரம் எண்ணிவிட்டு நம்பாமல் இன்னொரு தரம் எண்ணியதை நான் பார்த்தேன். கிழவரிடமிருந்து நன்றி என்று ஒரு வார்த்தை வந்ததாக எனக்குத் தெரியாது.

டிசம்பரும் ஜனவரியும் அவருக்கு வேலை இல்லை. பிப்ரவரியில் ரூ பெர்தொனேயில் ஒரு உணவகத்தில், வடை போடுகிற இடத்தில், சம்பளச் சீட்டோடு வேலை கிடைத்தது. அதைச் சீட்டோடு வாங்குவதற்கு அந்த உரிமையாளரிடம் அவர் போட்ட சண்டை லா சப்பல் மெத்ரோ வரை கேட்டதாகச் சொல்வார்கள்.

ஜூனில் அவரிடம் பத்துச் சீட்டுகள் சேர்ந்திருந்தன. சோதனைக்கூடத்தில் ஆறு, உணவகத்தில் நாலு. மகளுக்குப் பதினாறு முடிந்திருந்தது. நான்தான் போய்ப் பேசினேன், குற்ற உணர்ச்சி சும்மா விடவில்லை. போன வருஷத்துக்கு முந்தைய வருஷத்துச் சீட்டு இரண்டை நடுவில் செருகிவிடலாம், பன்னிரண்டு ஆகிவிடும், தேதியை யார் பார்க்கப்போகிறார்கள் என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்கள் இன்னும் திருந்தேல்லை, என்ன?" என்றார். ஆனாலும், பத்தையே வாங்கிக்கொள்வார்களா என்று பார்க்க மனு கொடுக்கப் போன அன்று என்னைத் துணைக்கு வர விட்டார்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் தொசியே என்கிற மனுக் கோப்பைப் புரட்டிவிட்டு, பத்துதான் இருக்கிறது என்றார். அங்கேதான் நான் காத்திருந்தேன். இவர் ஏதாவது சொல்வார், வாதாடுவார், அந்தக் கட்டிடத்தையே இரண்டாக்குவார் என்று. இவர் சீட்டுகளை வாங்கித் தன் விரலால் ஒருமுறை எண்ணினார்.

"வுய், மதாம். பத்துத்தான்."

தொசியேயை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு திரும்பினார். வெளியே வந்ததும் நான் பொரிந்து தள்ளினேன். முருங்கைக்காய்க்குச் சண்டை போடுகிற ஆள், பெத்த பொண்ணுக்கு ஒரு வார்த்தை பேச மாட்டீங்களா என்றேன்.

"பத்தைப் பத்து எண்டு சொன்னதுக்கு என்னத்துக்கு அண்ணை சண்டை?" என்றார். "மாசி முடிய வாறன். அப்ப பன்னிரண்டு இருக்கும். அவளுக்குப் பதினேழு ஆகாது, நான் கணக்குப் பாத்திட்டன்."

சொல்லிவிட்டு வடைச் சட்டிக்கு நேரமாகிவிட்டதென்று மெத்ரோவை நோக்கி ஓடினார். பிளாட்பாரத்தில் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவர் கவனிக்கவில்லை.

அந்தப் பன்னிரண்டு சீட்டுகளையும் அவர் சமையலறையிலேயேதான் வாங்கினார். வடை போட்டுக்கொண்டிருக்கும்போது உரிமையாளர் கொண்டுவந்து நீட்டுவார். இவர் எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துவிட்டு, மடித்து, மேலங்கிப் பையில் வைத்துக்கொள்வார். பிப்ரவரியில் தொடங்கிய சீட்டுகள் அடுத்த ஜனவரியோடு பன்னிரண்டு ஆயின. மாசி முடிந்ததும், சொன்னபடி மார்ச்சில், மறுபடி அதே கண்ணாடித் தடுப்புக்கு முன்னால் போய் நின்றோம். முன்பு இருந்த அதே பெண்தான்.

அவர் வேகமாகப் புரட்டினார். "ஒன்ஸ்" என்றார். பதினொன்று. ஒன்று குறைகிறது, முழுமையாகக் கொண்டு வாருங்கள் என்று தொசியேயை மூடி எங்கள் பக்கம் தள்ளினார். பின்னால் இருந்தவரை வரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டார்.

இவர் நகரவில்லை. தொசியேயை இரண்டு கையாலும் திரும்ப உள்ளே தள்ளினார்.

"ரெகோம்ப்தே, மதாம்."

கூடம் முழுக்கக் கேட்டது. நாற்காலிகளில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். எண்ணிவிட்டேன் என்றார் அந்தப் பெண். இவர் குரலை ஏற்றவுமில்லை, இறக்கவுமில்லை.

"போன முறை பத்து எண்டனீங்கள். நான் எண்ணிப் பாத்தன். பத்து இருந்தது. ஒரு கதை கதைக்காமல் போனன். இண்டைக்குப் பன்னிரண்டு இருக்கு. அண்ணை, சொல்லுங்கோ அவவுக்கு."

சொன்னேன். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அந்தப் பெண் இவரை நிமிர்ந்து பார்த்தார். போன முறை வந்தவர் என்று ஞாபகம் வந்ததோ என்னவோ, பெருமூச்சு விட்டுக்கொண்டு தொசியேயைத் திறந்தார். இந்த முறை ஒவ்வொன்றாக மேசையில் போட்டார். ஆறாவது சீட்டு கொஞ்சம் தடித்திருந்தது. அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஓரத்தில் நகத்தை வைத்து மெல்லப் பிரித்தார். எண்ணெயில் ஒட்டியிருந்த ஜூலையும் ஆகஸ்டும் தனித்தனியாக வந்தன.

"ஒன்ஸ்," என்று கடைசிக்கு முந்தியதைப் போட்டார். பிறகு, "தூஸ்." பன்னிரண்டு.

முத்திரை விழுந்தது. இவர் "மெர்சி, மதாம்" என்று சொல்லி, ஒப்புதல் சீட்டை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். மகளின் பெயர், பிறந்த தேதி, எல்லாம் சரியா என்று இரண்டு தரம் பார்த்தார். பிறகுதான் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது, ஆனால் பார்வை அதே பழைய பார்வை.

"நீங்களும் எண்ணினனீங்களோ அண்ணை?"

"எண்ணினேங்க" என்றேன்.